குற்றம் அடுப்படியில்தானா?

(சங்கக் கிளை மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கோழிக்கறி சாப்பிட்டு நாலு பேருக்கு வாந்தி பேதி கண்டால் நாம் முதலில் யாரைக் கேட்கிறோம்? சமைத்தவளைத்தான். "ஒழுங்காக வேகவைத்தாயா?" என்கிறோம். அந்தக் கோழி எந்தப் பண்ணையில் வளர்ந்தது, எப்படி அறுபட்டது என்று கேட்பார் இல்லை. இது நம் லயத்துப் பழக்கம் மட்டுமன்று. அமெரிக்காவில் நீதிமன்றமே இப்படிப் பேசியிருக்கிறது.

சால்மொனெல்லா என்னும் கிருமி இறைச்சியில் இருக்கக்கூடும் என்று எச்சரிக்கைச் சீட்டு ஒட்ட வேண்டுமென, அங்குள்ள பொதுச் சுகாதாரச் சங்கம் வழக்காடியது. 1974-இல் தீர்ப்பு வந்தது. வீட்டுப் பெண்கள் அறிவற்றவர்கள் அல்லர், சமைக்கும் முறை அவர்களுக்குத் தெரியும், ஆகவே சீட்டு வேண்டியதில்லை என்றார்கள் நீதிபதிகள். புகழ்ச்சி போலத்தான் இருக்கிறது! ஆனால் முதலாளியின் தோளிலிருந்து இறங்கிய சுமை அடுப்படியில் வந்து உட்கார்ந்தது.

இந்தக் கிருமிகள் வாழும் இடம் மிருகத்தின் குடல். மாடும் கோழியும் நோயில்லாமல் நன்றாகவே திரியும். குடலில் மட்டும் கிருமி இருக்கும். அறுக்கும்போது குடல் கிழிந்தால், அல்லது தோலில் ஒட்டிய சாணம் பட்டால், கறியில் ஏறிவிடும். முழுத் துண்டாக இருந்தால் பெரும்பாலும் மேலேதான் நிற்கும், சூட்டில் செத்துவிடும். கொத்திய கறியிலோ உள்ளே புகுந்துவிடுகிறது.

1993-இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், ஜாக் இன் தி பாக்ஸ் என்ற ஓட்டல்களில் கொத்திய மாட்டுக்கறி தின்று 700 பேருக்குமேல் நோயுற்றார்கள். நான்கு குழந்தைகள் இறந்தன. ஈ.கோலை ஓ157 என்ற கிருமி செய்த வேலை அது. வாஷிங்டன் மாநிலம் விதித்த சூட்டுக்குக் குறைவாக வேகவைத்தது ஓட்டலின் குற்றம்தான். ஆனால் மாட்டுக் குடலில் இருந்த கிருமியைக் கறிக்குள் விட்டது யார்? 1994-இல்தான் அரசாங்கம் இந்தக் கேள்விக்கு வந்தது. ஓ157 உள்ள கொத்துக்கறி கலப்பட உணவு, விற்கக்கூடாது என்றது. கோழியிலுள்ள சால்மொனெல்லாவுக்கும் வரம்பு வைக்க 2024-இல் ஒரு திட்டம் போட்டார்கள். 2025-இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

முடியாத காரியமா இது? சுவீடன் நாட்டைப் பாருங்கள். 1953-இல் அல்வெஸ்தா என்ற ஊரின் இறைச்சிக் கூடத்திலிருந்து பரவிய சால்மொனெல்லாவால் சுமார் 9,000 பேர் நோயுற்றார்கள், 90 பேர் மாண்டார்கள். அந்த நாடு சமையற்காரிக்கு உபதேசம் செய்ததோடு நிற்கவில்லை. பண்ணையிலேயே சோதனை வைத்தது. கிருமி கண்ட கோழிக் கூட்டத்தைச் சந்தைக்கு விடுவதில்லை.

நம் மலேசியாவிலும் 2019 முதல், மனிதருக்குக் கடைசி மருந்தாக வைத்திருக்கும் கொலிஸ்டினைக் கால்நடைக்குக் கொடுப்பது தடை செய்யப்பட்டது. பண்ணை வாசலில் சட்டம் நிற்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

தோழர்களே, இதில் தொழிலாளிக்கு ஒரு தனிப் பங்குண்டு. அமெரிக்கப் பன்றி ஆலைகளில் மணிக்கு 1,106 பன்றி என்று வேக வரம்பு இருந்தது. புதிய முறைக்கு மாறும் ஆலைகளுக்கு 2019-இல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். உணவுத் தொழிலாளர் சங்கம் வழக்குத் தொடுத்தது. தொழிலாளிக்கு நேரும் ஆபத்தை அரசு எண்ணிப் பார்க்கவில்லை என்று 2021 மார்ச்சில் நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. அவசரக் கத்தி கையையும் கிழிக்கும், குடலையும் கிழிக்கும். நிறை பார்த்துக் கூலி வாங்கிய நமக்கு அவசரத்தின் விலை தெரியாதா?

அடுப்படியில் செய்ய வேண்டியதைச் செய்வோம். பச்சைக் கோழியைக் குழாயடியில் அலசித் தெறிக்கவிட வேண்டாம். அது பட்ட பலகையில் கீரை நறுக்க வேண்டாம். முனியாண்டி பூசைக்கு ஆக்கிய கறியை மாலைவரை வெளியில் வைக்க வேண்டாம்.

அதோடு, கோழி வாங்கும் கடையில் அது எந்தப் பண்ணையிலிருந்து வருகிறது, எங்கே அறுக்கப்படுகிறது என்று கேளுங்கள். கிடைத்த பதிலை அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள். பதில் சொல்ல மறுத்த கடைகளின் பெயரையும் குறித்து வாருங்கள். சுகாதார இலாகாவுக்கு எழுதும் மனுவில் அவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.