வாசலடிச் சட்டம்: கதவுக்கும் தரைக்கும் இடையிலான வெளியை அடைப்போம்



1990, 1991 ஆம் ஆண்டுகளில் தீவகத்தை விட்டு வெளியேறிய பலர், பல இடங்களில் அலைந்த பின் இப்போதுதான் சொந்தக் காணியில் கால் வைக்கிறீர்கள். கூரை போட்டாயிற்று, தரை இழுத்தாயிற்று, திறப்பும் கைக்கு வந்துவிட்டது. இன்று நான் பேசப்போவது மிகச் சிறிய ஒரு வேலையைப் பற்றி. கதவின் கீழே இருக்கும் ஒரு விரல் அகல வெளியை அடைப்பதுதான் அது.

எங்கள் பழைய வீடுகளில் நிலைக்கு நான்கு பக்கமும் மரம் இருந்தது. கீழ்ப்படியைத் தாண்டித்தான் உள்ளே போவோம். புதிய வீடுகள் பலவற்றில் நிலைக்கு மூன்று பக்கம்தான். கீழே வெறும் கொங்கிறீற் தரை. அந்த வெளியால் மாரி மழைத் தண்ணீர் வரும், மணல் வரும். இரவில் பாம்பும் வரும். விரியன் இனங்களில் சில, தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடிக்கின்றன. வலி குறைவு என்பதால் பலருக்குக் கடிபட்டதே தெரிவதில்லை. கடல் தாண்டி வைத்தியசாலைக்குப் போகவேண்டிய நமக்கு இது சின்ன விஷயமல்ல.

தேவையானவை: கதவின் அகலத்துக்கு ஓர் அலுமினியச் சட்டம், கதவின் அடியில் ஒட்டும் இறப்பர் பட்டி, 6 மில்லிமீற்றர் ரோல் பிளக், துருப்பிடிக்காத ஸ்குறூ ஆணி, சிலிக்கன் பசை. உப்புக்காற்றில் சாதாரண இரும்பு ஆணி விரைவில் துருவேறிவிடும். நெடுந்தீவு, நயினாதீவுக் குடும்பங்கள் குறிகட்டுவானில் படகேறுமுன் எல்லாவற்றையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஒரு பிளக் குறைந்தாலும் இன்னொரு பயணம்.

முதலில் தரையைச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். வெற்றொலி கேட்டால் மேற்பூச்சு கழன்றிருக்கிறது. அதை உடைத்துப் பூசிய பிறகே வேலை. புதிதாகப் போட்ட சீமெந்தென்றால் 28 நாள் பொறுங்கள். ஈரச் சீமெந்து அலுமினியத்தை அரிக்கும்.

அடுத்து, கதவைச் சாத்தி, கீழ் வெளியைப் பல இடங்களில் அளவுங்கள். மிகக் குறைந்த அளவைவிடச் சட்டம் சற்றுத் தாழ்வாக இருக்கவேண்டும். சட்டத்தைச் சும்மா வைத்துக் கதவைப் பலமுறை திறந்து சாத்திப் பாருங்கள். உரசாவிட்டால் மட்டும் துளைகளைக் குறியுங்கள்.

தரையின் வெளி விளிம்பிலிருந்து துளை குறைந்தது 2 அங்குலம் உள்ளே இருக்கட்டும். எங்கள் அலுவலக வாசலில் நானே முதன்முதலாகப் பூட்டியபோது விளிம்போடு துளைத்துவிட்டேன். சீமெந்து பொரிந்து கையோடு வந்தது. அந்தப் பிழையை நீங்கள் செய்யவேண்டாம். 3 அடிச் சட்டத்துக்கு நான்கு துளை போதும். துளை பிளக்கைவிட ஒரு சென்ரிமீற்றர் ஆழமாக இருக்கவேண்டும். துளையிடும் அலகில் ரேப் சுற்றினால் ஆழம் தெரியும். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். துளைக்குள் இருக்கும் தூளை முழுவதும் வெளியேற்றுங்கள். தூள் இருந்தால் பிளக் பிடிக்காது.

உப்புப் படிந்த தரையை ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். சட்டத்தின் அடியில் சிலிக்கனை நீளமாக இரண்டு கோடு போட்டு, சட்டத்தை வைத்து, ஆணிகளை மாறி மாறி இறுக்குங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் சட்டம் வளையும். ஒரு நாள் மிதிக்காமல் விடுங்கள். கடைசியாகக் கதவின் அடியில் இறப்பர் பட்டியை ஒட்டுங்கள்.

வீட்டில் முதியோரோ, செயற்கைக்கால் அல்லது சக்கர நாற்காலி பாவிப்பவரோ இருந்தால், சட்டம் அரை அங்குலத்துக்கு மேல் உயரக்கூடாது. இரு பக்கமும் சரிந்த சட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். பாம்பைத் தடுக்கிற வாசல் அம்மம்மாவை விழுத்தக்கூடாது.

சட்டம் மட்டும் முழுக் காவல் அல்ல. கூரை இடுக்காலும் சன்னலாலும் பாம்பு வரலாம். நுளம்புவலையைக் கட்டி, ஓரத்தைப் பாயின் கீழ் செருகிப் படுங்கள். கடித்தது என்று சந்தேகம் வந்தாலே வெட்டாமல், இறுக்கிக் கட்டாமல், உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

மாரி தொடங்க முன் இந்த வேலையை முடியுங்கள். தனியாக வாழும் அயலவர் இருந்தால், அவருடைய வாசலையும் ஒருமுறை பாருங்கள்.