நிழற்படத்திற் காணாத நாட்கள்



புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், 1880 முதல் 1980 வரை தமிழகத்துப் போட்டோ ஸ்டுடியோக்களில் எடுக்கப்பெற்ற படங்களைத் தேடிப் படியெடுத்துக் காத்துள்ளனர். அத்தகைய படங்கள் நம் காவேரிப்பாக்கத்து இல்லங்களிலும் உள. அவற்றில் நம் பாட்டியர் பட்டுடுத்தி, தீட்டிய திரைமுன் அசையாது நிற்பர். ஏரிநீர் பாயும் கழனியில் நாற்று நட்ட கையும், உரலில் நெற்குற்றிய தோளும், அடுப்புப் புகையிற் சிவந்த கண்ணும் அங்கே புலப்படா. ஸ்டுடியோவிற்குச் சென்றது மணம் முதலிய சிறப்பு நாளிலன்றோ? ஆதலின் படம் அவ்வொரு நாளையே காட்டும். ஏனைய நாட்களை உரைக்க வல்லது மூத்தோர் நினைவே. அவர்கள் உள்ளபோதே கேட்டறிந்து, ‘இன்னார் மனைவி’ என்றெழுதி அமையாது, அம்மாதரசியின் பெயர், பிறந்த ஊர், செய்த தொழில் ஆகியவற்றைப் படத்தின் பின்புறம் பென்சிலால் மெல்லெனக் குறித்து வைப்போமாக. பெயரிழந்த படம் பேரர் கையிற் பழங்காகிதமே.