கல்லறையும் கணக்கேடும்



ஏழை ஒருவன் இறந்தால் அவன் இறந்தான் என்பதை உலகம் உடனே நம்பிவிடுகிறது. பெருஞ்செல்வர் ஒருவர் இறந்தாலோ, "உண்மையில் இறந்தாரா? பிணமென்று வேறெதையோ புதைத்துவிட்டு எங்கேனும் மறைந்து வாழ்கிறாரா?" என்ற பேச்சு எழுகிறது. இந்த ஐயம் எப்படிப் பிறக்கிறது, எதை உண்டு வளர்கிறது, யாரைக் கெடுக்கிறது என்பதை இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கைக் கொண்டு இன்று ஆராய்வோம்.

லண்டன் மாநகரில் பேக்கர் தெருவில் 'பஜார்' என்று பெயர் பெற்ற பெரிய வாணிகக் கட்டடம் ஒன்று இருந்தது. மேடம் துஸ்ஸோ அம்மையாரின் மெழுகுப் பொம்மைக் காட்சியும் அக்காலத்தில் அதே கட்டடத்தில்தான் நடைபெற்றது. அங்கே மேசை, நாற்காலி முதலிய வீட்டுப் பொருள்களை விற்றுச் செல்வம் சேர்த்தவர் தாமஸ் சார்லஸ் ட்ரூஸ். அவர் 1864ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் காலமானார். ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப் பெற்றார்.

அதே காலத்தில் நாட்டிங்காம்ஷயரில், வெல்பெக் மாளிகையில், ஐந்தாம் போர்ட்லண்டு பிரபு வாழ்ந்து வந்தார். பிறர் கண்ணில் படுவதையே வெறுத்தவர் அவர். அவ்வளவு பெரிய மாளிகையில் சில அறைகளுக்குள் ஒடுங்கிக்கொண்டு, ஏவலாளருக்குக் கட்டளைகளைச் சீட்டில் எழுதி அனுப்புவார். பூமிக்கடியில் நீண்ட சுரங்க வழிகளையும் பெருங்கூடம் ஒன்றையும் அமைத்தார். மணம் செய்துகொள்ளாமலே 1879இல் மறைந்தார். பட்டமும் சொத்தும் உறவினர் ஒருவரைச் சேர்ந்தன.

ஒருவரோடொருவர் தொடர்பில்லாத இவ்விருவரையும் முடிச்சுப் போட்டவர், ட்ரூஸின் மகன் ஒருவருடைய மனைவியும் கைம்பெண்ணுமாகிய அன்னா மரியா. "ட்ரூஸ் என்று தனியே ஒருவர் இருந்ததில்லை. பிரபுவே வணிகர் வேடம் பூண்டிருந்தார். வேடம் சலித்தபோது பொய்ச்சாவு நடத்திவிட்டார். சவப்பெட்டியில் உடல் இல்லை. ஆகவே பட்டமும் சொத்தும் என் மகனுக்கே உரியவை" என்று வாதிட்டு, 1898இல் கல்லறையைத் திறக்க அனுமதி கோரினார்.

ட்ரூஸின் மற்றொரு மகனான ஹெர்பர்ட் இதனை எதிர்த்தார். தந்தையின் கல்லறையைப் பிறர் கிளறுவதற்கு எந்த மகன்தான் உடன்படுவான்? ஆனால் ஊரார் அவ்வாறு எண்ணவில்லை. "மறைப்பதற்கு ஒன்றுமில்லையென்றால் ஏன் மறுக்க வேண்டும்?" என்றார்கள். பிரபு யாரையும் காணாதிருந்ததும் அவருடைய இரட்டை வாழ்க்கைக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. சான்று இல்லாமையே சான்றாகிவிட்ட நிலை இது. இந்நிலையை அடைந்த வதந்தியை வாதத்தால் வெல்வது அரிது.

பின்னர் ஆஸ்திரேலியாவிலிருந்து ஜார்ஜ் ஹாலம்பி ட்ரூஸ் என்ற பேரன் வந்து, தானே மூத்த வழியினன் என்று உரிமை கொண்டாடினார். வழக்கை நடத்தப் பணம் வேண்டுமே! அதற்காக நிறுவனங்கள் தோற்றுவிக்கப்பட்டன. பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. வழக்கு வென்றால் பெருஞ்செல்வத்தில் ஒரு கூறு தமக்கும் வரும் என்று நம்பிப் பலர் வாங்கினர். பங்கை வாங்கியவனுக்கு அந்தக் கதை உண்மையாக இருந்தாக வேண்டும். அவன் இனி அதனை ஆராய மாட்டான், காக்கவே முற்படுவான். வதந்திக்கு இதைவிட வலிய காவலன் கிடையாது.

1907இல், தந்தையின் மரணத்தைப் பற்றி ஹெர்பர்ட் பொய்ச் சத்தியம் செய்தார் என்று வழக்குத் தொடரப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த கால்டுவெல் என்ற சாட்சி, பொய்ச் சவ ஊர்வலத்துக்குத் தாமே ஏற்பாடு செய்ததாகவும், பெட்டியில் ஈயத்தை வைத்ததாகவும் உரைத்தார். இறுதியில் அவ்வாண்டு டிசம்பர் 30ஆம் நாள் கல்லறை திறக்கப்பட்டது. 43 ஆண்டுகளுக்குப் பின் திறந்த அப்பெட்டியில் ஈயப் பாளம் இல்லை. தாடியுடைய முதியவர் ஒருவரின் உடலே இருந்தது. வழக்கு சரிந்தது. கால்டுவெல் அமெரிக்காவுக்கே திரும்பிவிட்டார். பொய்ச்சாட்சி சொன்ன பெண்கள் இருவர் சிறை சென்றனர். அன்னா மரியாவோ அதற்கு முன்பே மனம் பேதலித்துக் காப்பகத்தை அடைந்திருந்தார். பங்குப் பத்திரங்கள் வெறுங்காகிதமாயின.

அப்படியானால் ஐயப்படுவதே தவறா? அன்று. பொய்ச்சாவு நடத்தியவர்களும் உலகில் உண்டு. பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் ஸ்டோன்ஹவுஸ் 1974இல் மியாமி கடற்கரையில் ஆடைகளை விட்டு மறைந்தார். மூழ்கி இறந்தார் என்றே கருதப்பட்டது. ஆனால் சில வாரங்களில் மெல்போர்ன் நகரில் பிடிபட்டார். பொய்ப் பெயர்களில் அவர் நடத்திய வங்கிக் கணக்குகளே அவரைக் காட்டிக்கொடுத்தன.

நம் காலத்து நிகழ்ச்சி ஒன்றும் நோக்கத்தக்கது. கனடாவில் 'குவாட்ரிகா' என்னும் மின்னணு நாணயச் சந்தையை நடத்திய ஜெரால்டு காட்டன், 2018 டிசம்பரில் நம் நாட்டு ஜெய்ப்பூரில் நோயுற்று இறந்தார். வாடிக்கையாளரின் பணத்தைத் திறக்கும் இரகசியச் சொற்கள் அவரிடம் மட்டுமே இருந்தன என்று சொல்லப்பட்டது. "இறந்தாரா, ஓடினாரா?" என்ற கேள்வி எழுந்தது. மறு ஆண்டு, உடலைத் தோண்டியெடுத்துச் சோதிக்குமாறு வாடிக்கையாளரின் வழக்கறிஞர்கள் காவல் துறையினரைக் கேட்டுக்கொண்டனர். ஆயினும் 2020இல் ஒண்டாரியோ மாநிலப் பங்குச்சந்தை ஆணையம் கணக்குகளை ஆராய்ந்தபோது, அவர் உயிரோடிருந்த நாட்களிலேயே பிறர் பணத்தை மோசடியாகச் சூதாடித் தொலைத்திருந்தது வெளிப்பட்டது. வாடிக்கையாளரின் இழப்பு சுமார் 16.9 கோடி கனடிய டாலர்.

பணத்தை இழந்தவன் ஐயுறுவது இயல்பு. அவனை நகைப்பது அறமன்று. ஆனால் அவன் இரண்டு கேள்விகளைத் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். "எதைக் கண்டால் என் ஐயம் தீரும்?" என்பது ஒன்று. அதற்கு விடை சொல்ல இயலாதவனுடைய ஐயம் ஆராய்ச்சி ஆகாது. "இக்கதையை நான் நம்புவதால் யாருக்கு வருவாய்?" என்பது மற்றொன்று. பங்கு வாங்கிய லண்டன் மக்கள் இவ்விரண்டையும் முன்பே கேட்டிருந்தால், ஹைகேட் கல்லறை திறக்கும்வரை காத்திருந்து தம் பொருளை இழந்திருக்க மாட்டார்கள்.