மண்ணின் முதல்

கமக்காரனின் முதல் பணமன்று, மண்ணே. 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது நம் நாட்டு நெல் விளைச்சல் வீழ்ந்தது. பசளைப் பையை மட்டும் நம்பிய கமத்தின் வலுவீனத்தை அன்று கண்டோம்.

யாழ்ப்பாணத்தில் நெல் அறுத்த வயலின் எஞ்சிய ஈரத்திலே சணல் விதைப்பதுண்டு. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் வளியிலுள்ள நைதரசனைப் பயிருணவாக்குகின்றன. பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால், அப்பசுந்தாட் பசளையே அடுத்த பயிரை ஊட்டும். உழுந்தோ பயறோ விதைத்தால், விற்பதற்கு விளைவும் கிட்டும். பயிர் மாறுவதால், ஒரே பயிரைப் பற்றி மண்ணில் தங்கும் நோய்களும் தணியும்.

செலவு குறைதலும் இலாபமே. சணலுக்கு விட்ட போகம் இழப்பன்று. மண்ணில் இட்ட சேமிப்பு. வரும் அறுவடையின் பின், ஒரு பாத்தியிலேனும் செய்து பாருங்கள்.