ஒகேனக்கல் முதல் மேட்டூர் வரை



ஒகேனக்கல் என்ற பெயரைக் கேட்டதும் அருவியும், பரிசலும், எண்ணெய்க் குளியலும், சுடச்சுட வறுத்த மீனும் நம் நினைவுக்கு வருகின்றன. கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. 'கல்' என்றால் பாறை. பாறையில் மோதிச் சிதறும் காவிரி புகைபோல மேலே எழுவதால் இப்பெயர் வந்தது. இதை நீங்கள் பள்ளிப் புத்தகத்திலேயே படித்திருப்பீர்கள். ஆகவே, அருவியின் அழகை வருணித்து உங்கள் நேரத்தைப் போக்கப் போவதில்லை. அருவியில் விழுந்த நீர் அதன் பிறகு எங்கே போகிறது என்பதைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

அந்த நீர் மேட்டூருக்குப் போகிறது. இதில் என்ன புதுமை என்று நீங்கள் கேட்கலாம். மேட்டூர் அணை முழுக் கொள்ளளவான 120 அடியை எட்டும்போது, தேங்கிய நீர் ஆற்றின் வழியே பின்னோக்கி ஏறி, ஒகேனக்கல்லின் அடிவாரத்தை நெருங்கி வந்து நிற்கும். ஏறத்தாழ 59 சதுர மைல் பரப்புள்ள நீர். அதன் ஒரு முனையில் புகைபோக்கிகள் நிறைந்த ஒரு தொழில் நகரம். மறு முனையில் காடும் அருவியும். ஒகேனக்கல்லை மேட்டூரின் புறநகர் என்று யாராவது சொன்னால் நாம் நகைப்போம். ஆனால் நீரின் கணக்குப்படி அது உண்மை. இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையிலுள்ள கரையோரத்தில், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில், நான் கால்நடையாகவும் பரிசலிலும் சென்று வந்தேன்.

கோடையில் செல்வதற்குக் காரணம் உண்டு. மழைக்காலத்தில் அங்கே நீர் ஒன்றைத் தவிர வேறெதையும் காண முடியாது. வேனிலில் நீர் இறங்க இறங்க, அடியில் கிடந்த பழைய நிலம் மெல்ல மெல்லத் தலைகாட்டுகிறது. சேலம் மாவட்டக் கரையில் கொளத்தூருக்கு அண்மையில் பண்ணவாடி என்றொரு பரிசல் துறை இருக்கிறது. அங்கிருந்து எதிர்க்கரையிலுள்ள தருமபுரி மாவட்டத்து நாகமரைக்குப் பரிசலில் போகலாம். நீர்மட்டம் ஓரளவு குறைந்ததும் அந்தத் துறைக்கருகே ஒரு கிறித்தவ தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம் முதலில் நீருக்கு மேலே தெரியும். இன்னும் குறைந்தால் சலகண்டேசுவரர் கோயிலைச் சேர்ந்த பெரிய நந்தியின் தலை தெரியும்; பிறகு கழுத்து, பிறகு திமில். நன்றாக வற்றிய ஆண்டுகளில் நந்தியின் காலடிவரை நடந்தே போய்விடலாம். நான் போனபோது நந்தி மார்பளவு நீரில் இருந்தது. அதன் முதுகில் இரண்டு நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தன.

இவை பழைய ஊர்களின் கட்டடங்கள். மேட்டூர் அணையின் வேலை 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 21 அன்று, அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் ஜார்ஜ் ஸ்டான்லி அதைத் திறந்து வைத்தார். நீர்த்தேக்கத்துக்கு ஸ்டான்லி என்று பெயர் வந்தது அதனால்தான். 93 ஆயிரத்து 470 மில்லியன் கன அடி நீர் கொள்ளும் அந்தத் தேக்கத்துக்கு இடம் விட்டு, ஆற்றின் இரு கரைகளிலும் இருந்த ஊர்கள் காலியாயின. வழிபட்ட மூர்த்திகளைக் கையோடு எடுத்துச் சென்றவர்கள் கோயிலையும் நந்தியையும் தூக்கிச் செல்ல இயலாமல் விட்டுச் சென்றார்கள் என்று அக்கரையில் பெரியவர்கள் இன்றும் சொல்வதைக் கேட்கலாம்.

பாழடைந்த கட்டடம் என்றால் யாரும் நெருங்காத இடம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். நாகமரைக் கரையில் நான் கண்டது அதற்கு நேர்மாறானது. நீர் விலகிய இடமெல்லாம் ஏர் பூட்டி உழுதிருந்தார்கள். பல மாதம் நீரில் ஊறிய வண்டல் ஆதலால் அங்கே எருவுக்கு அதிக வேலையில்லை. சோளமும், கேழ்வரகும், எள்ளும், நிலக்கடலையும் நீரின் விளிம்புவரை பசுமையாக நின்றன. வெள்ளரிக் கொடிகள் ஒரு பழைய சுவரின் அடித்தளத்தின்மேல் படர்ந்திருந்தன. ஒரு மூதாட்டி களை பறித்துக்கொண்டிருந்தார். இந்த நிலம் யாருடையது என்று கேட்டேன்.

"எங்க மாமனாரு பாட்டன் நிலம்னு சொல்லுவாங்க. இப்போ சர்க்காரு நிலம். தண்ணி ஏறினா மீன், எறங்கினா ராகி. எது வந்தாலும் நாங்க இங்கதான், கண்ணு!" என்றார்.

ஏர் பிடிப்பவர்களிடம் அந்த நிலத்துக்குப் பட்டா இல்லை. மேலே கருநாடகத்தில் மழை முன்னதாகப் பிடித்துக்கொண்டால், கதிர் முற்றுமுன் நீர் வந்து பயிரை மூடிவிடும். அதை அறிந்தே விதைக்கிறார்கள். அக்கரையிலும் இக்கரையிலும் மீன்பிடி உரிமம் பெற்றவர்கள் பரிசலிலேயே குடும்பத்தோடு நாட்களைக் கழிப்பதையும் கண்டேன். பரிசலைக் கவிழ்த்துப் போட்டு அதன் நிழலில் குழந்தையை உறங்க வைத்திருந்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது.

இனி மேட்டூருக்கு வருவோம். அணை எழுவதற்கு முன் மேட்டூர் பெயர் தெரியாத ஒரு சிற்றூர். கல் உடைப்பவர்களும், கொல்லர்களும், பொறியாளர்களும், கணக்கர்களும் ஆயிரக்கணக்கில் வந்து தங்கியதால் ஒன்பது ஆண்டுகளில் அங்கே ஒரு நகரம் முளைத்தது. வேலை முடிந்ததும் வந்தவர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். வேலைக்காக எழுந்த ஊர் வேலையோடு முடிந்துபோவது உலகெங்கும் கண்ட உண்மை. மேட்டூருக்கு அந்தக் கதி நேரவில்லை. அதற்குக் காரணம் மின்சாரம். 1937-இல் அணையின் அடியிலேயே நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் கிடைக்கும் இடத்தைத் தேடித் தொழில்கள் வந்தன. 1936-இல் மேட்டூர் கெமிக்கல்ஸ் தோன்றியது. உப்புக் கரைசலில் மின்சாரத்தைப் பாய்ச்சி, எரிசோடாவையும் குளோரினையும் பிரித்தெடுக்கும் தொழில் அது. நூலாலையும் வந்தது. 1965-இல் மதராஸ் அலுமினியம் கம்பெனி உற்பத்தியைத் தொடங்கியது.

கல்லூரியில் இரசாயனம் படிப்பவர்கள் இதைக் கொஞ்சம் கூர்ந்து கேட்க வேண்டும். பாக்சைட் என்னும் கனிமம் ஏற்காட்டு மலையிலும் கொல்லிமலையிலும் கிடைத்தது. அதிலிருந்து முதலில் அலுமினா என்ற வெண்பொடியை எடுப்பார்கள். பிறகு அதை உருகிய கிரையோலைட்டில் கரைத்து, மின்சாரத்தைப் பாய்ச்சி அலுமினியமாக்குவார்கள். ஒரு டன் அலுமினியத்துக்கு ஏறத்தாழ 15,000 யூனிட் மின்சாரம் வேண்டும். ஒரு சிறு வீட்டுக்குப் பல ஆண்டுகளுக்குப் போதுமான மின்சாரம் அது! ஆகவே அலுமினிய ஆலைக்குக் கனிமச் சுரங்கத்தைவிட மின்நிலையமே நெருங்கிய உறவு. மின்சாரம் மலிவாக இருக்கும்வரை ஆலை வாழும். அது விலையேறி, உலகச் சந்தையில் உலோகத்தின் விலையும் விழுந்தால் ஆலை மூச்சுத் திணறும். 2008-ஆம் ஆண்டின் இறுதியில் நிகழ்ந்தது இதுதான். உலகெங்கும் அலுமினியத்தின் விலை சரிந்தது. மேட்டூரில் உலோகம் உருக்கும் வேலை நின்றது. உலைகள் அணைந்தன என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம். மூன்று வேளைச் சங்கொலியைக் கேட்டே சோறு வடித்த வீடுகளுக்கு அது ஒரு வரியில் முடிகிற செய்தியன்று. அலுமினாவை எடுத்தபின் எஞ்சும் செந்நிறச் சேறு வேறு இருக்கிறது. காரம் கலந்த அந்தச் சேற்றில் எளிதில் எதுவும் முளைப்பதில்லை. நந்தியைச் சூழ்ந்த நிலத்தில் நீர் வற்றியவுடன் ராகி முளைக்கிறது. ஆலை விட்டுச் சென்ற மண்ணில் புல் முளைப்பதற்குக்கூடப் பல்லாண்டு உழைப்பு வேண்டும். கைவிடப்பட்ட இடங்கள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல என்பதை நான் அங்கேதான் உணர்ந்தேன்.

மேட்டூர் செத்த நகரம் என்று இதற்குள் முடிவு கட்டிவிடாதீர்கள். 1987-க்கும் 1990-க்கும் இடையில் 840 மெகாவாட் அனல்மின் நிலையம் அங்கே எழுந்தது. 2013-இல் 600 மெகாவாட் அலகு ஒன்றும் அதனுடன் சேர்ந்தது. ஓமலூரிலிருந்து மேட்டூர் அணைக்குப் பிரியும் இருப்புப்பாதையில் நிலக்கரி வண்டிகள் வரிசையாக வருவதைக் காணலாம். நீரின் வீழ்ச்சியால் பிறந்த தொழில் நகரம் இப்போது நிலக்கரியையும் நம்பி நிற்பது விந்தைதான். அணை கட்டிய காலத்துப் பாணியில் அமைந்த குடியிருப்புகளுள் சில பூட்டிக் கிடக்கின்றன. ஓடு சரிந்த கூரையினுள் அரசமரம் வேர்விட்டிருக்கிறது. அடுத்த தெருவிலோ பள்ளி மணி ஒலிக்கிறது, தேநீர்க் கடையில் கூட்டம் இருக்கிறது.

இதே காவிரி மின்சாரம் தந்து வளர்த்த மற்றொரு நகரத்தையும் இங்கே நினைக்க வேண்டும். ஒகேனக்கல்லுக்கு மேலே சிவசமுத்திரத்தில் 1902-இல் ஒரு மின்நிலையம் தொடங்கப்பட்டது. அது தந்த மின்சாரம் 90 மைலுக்கும் அப்பாலுள்ள கோலார் தங்கவயலுக்குச் சென்றது. தமிழ் மாவட்டங்களிலிருந்து பெருந்திரளாகப் போன தொழிலாளர்கள் அங்கே பூமிக்கடியில் உழைத்தார்கள். 2001-இல் அந்தச் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஜெர்மனி நாட்டில் எஸ்ஸன் நகரத்துச் சோல்வெரைன் நிலக்கரிச் சுரங்கம் 1986-இல் மூடப்பட்டபோது, அதன் கட்டடங்களை இடிக்காமல் காட்சிசாலையாக மாற்றினார்கள். அதே 2001-ஆம் ஆண்டில் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. நாமும் அப்படிச் செய்யலாமே என்று சிலர் கூறுகிறார்கள். செய்யலாம், எனக்கு மறுப்பில்லை. ஆனால் காட்சிசாலை அமைப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த நீரால் யாருக்கு என்ன கிடைத்தது, யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதே அது.

அணையின் நீரால் தஞ்சை, திருச்சி முதலிய காவிரிப் பாசன மாவட்டங்களில் ஏறத்தாழ 16 இலட்சம் ஏக்கர் விளைகிறது. அணைக்குக் கீழே கிழக்குக் கரைக் கால்வாயும் மேற்குக் கரைக் கால்வாயும் 45,000 ஏக்கருக்குப் பாய்கின்றன. நன்று. அந்தச் சோற்றை நாம் எல்லோரும் உண்கிறோம். ஆனால் ஊரையும் கோயிலையும் நீருக்குக் கொடுத்த மேற்கரை மக்களுக்கு நெடுங்காலம் என்ன கிடைத்தது? தருமபுரி மண்ணின் அடியிலுள்ள பாறைகளிலிருந்து ஃப்ளூரைடு என்னும் உப்பு கிணற்று நீரில் கரைகிறது. ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் அது இருந்தால் பல்லில் பழுப்புக் கறை படியும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பு வளையும், மூட்டு இறுகும். பென்னாகரத்துப் பக்கத்தில் இளவயதிலேயே முதுகு கூனியவர்களைக் கண்டு, வேலைப் பளுவால் வந்ததோ என்று வினவியிருக்கிறேன். "கெணத்துத் தண்ணிங்க" என்பதே விடை. கண்ணுக்கு எட்டிய தூரம் காவிரி. கைக்கு எட்டியதோ நஞ்சு கலந்த கிணறு!

இந்த நிலை மாறத் தொடங்கியதுதான், என் கருத்தில், இப்பகுதியின் மெய்யான புத்துயிர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு, 1,928 கோடி ரூபாய் மதிப்பீட்டில் அமைந்த அத்திட்டம் 2013-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. அருவிக்கருகே எடுக்கும் நீரைத் தூய்மை செய்து, இராட்சத எக்கிகளால் மேட்டில் ஏற்றி, தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் ஊர்களுக்கு அனுப்புகிறார்கள். ஆற்றங்கரையிலிருந்து பள்ளத்தை நோக்கி மட்டுமே ஓடிய காவிரி முதன்முறையாக இம்மாவட்டத்து மேட்டில் ஏறியது. எல்லாக் குழாயிலும் எல்லா நாளும் நீர் வருகிறது என்று நான் சொல்லமாட்டேன். குடத்தோடு காத்திருக்கும் வரிசைகளையும் கண்டிருக்கிறேன்.

வேறு இரண்டு செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில், அணை கட்டி 83 ஆண்டுகளுக்குப் பிறகு, முதன்முறையாக நீர்த்தேக்கத்தில் தூர் வாரினார்கள். வண்டலை உழவர்கள் வண்டிகளில் ஏற்றித் தங்கள் வயல்களுக்குக் கொண்டு சென்றார்கள். நீரில் மூழ்கிய பழைய ஊர்களின் மண்ணும் அதில் கலந்திருக்கும் அல்லவா! 2020-இல் அடிக்கல் நாட்டி, மறு ஆண்டில் தொடங்கிய சரபங்கா நீரேற்றுத் திட்டம், மேட்டூரின் உபரி நீரைத் திப்பம்பட்டியிலிருந்து ஏற்றி, சேலம் மாவட்டத்தின் 100 வறண்ட ஏரிகளை நிரப்புவதற்காக வகுக்கப்பட்டது.

கோடை விடுமுறையில் ஒகேனக்கல் செல்லும் மாணவர்கள் ஒருநாள் கூடுதலாகத் தங்கி, பென்னாகரம் வழியாக நாகமரைக்குப் போய் வாருங்கள். செய்தித்தாளில் மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டு புறப்படுவது நல்லது. நீர் நிறைந்திருந்தால் தேவாலயமும் தெரியாது, நந்தியும் தெரியாது. அப்போதும் பரிசல்காரர் துடுப்பை நீட்டி, "அதோ, அங்கேதானுங்க ஊர் இருந்துச்சு" என்று ஓரிடத்தைக் காட்டுவார். அங்கே வெறும் நீர்தான் இருக்கும்.