ஒரு சிட்டம் நூல்



தில்லியில் கரோல் பாக் என்று ஒரு பகுதி. தமிழ்க் குடும்பங்கள் பல காலமாக வாழும் இடம். அஜ்மல் கான் சாலைக் கடைத்தெரு அங்கேதான் இருக்கிறது. புடவை, சால்வை, செருப்பு எல்லாம் கிடைக்கும். பேரம் பேசாமல் வாங்கி வந்தால் வீட்டில் திட்டு விழும். ஐநூறு என்றால் இருநூறில் தொடங்க வேண்டும். அந்தத் தெருவின் வழக்கம் அது.

அந்தக் கரோல் பாகிலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் தில்லி ஹாட்டுக்குப் புறப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரோல் பாகில் மெட்ரோ ரயில் ஏறுகிறார்கள். ராஜீவ் சவுக்கில் வண்டி மாறுகிறார்கள். தில்லி ஹாட் ஐ.என்.ஏ. நிலையத்தில் இறங்குகிறார்கள்.

தில்லி ஹாட் என்பது கைவினைச் சந்தை. 1994-ல் தொடங்கியது. பல மாநிலங்களிலிருந்து கைவினைஞர்கள் வந்து சில நாட்கள் கடை போடுவார்கள். பிறகு வேறு ஆட்கள் வருவார்கள். அதனால் ஒரு மாதம் பார்த்த கடை அடுத்த மாதம் இருக்காது. உள்ளே போக நுழைவுச் சீட்டு உண்டு. இதைவிடப் பெரிய கைவினை மேளா ஒன்று தில்லிக்கு அருகே சூரஜ்குண்டில் நடக்கிறது. அது 1987 முதல் பிப்ரவரி மாதத்தில் கூடுகிறது.

மருமகளுக்குத் துப்பட்டா வாங்க வேண்டும். மாமியாருக்கு ஒன்றும் வேண்டாம். சும்மா துணைக்கு வந்தார். ஆனால் ஒரு கடை வாசலில் அவர் நின்றுவிட்டார். அங்கே ஒரு வங்காளப் பெண் தரையில் உட்கார்ந்து ராட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். சின்ன ராட்டை. மூடினால் பெட்டி. திறந்தால் ராட்டை. காந்தியடிகள் எரவாடா சிறையில் இருந்தபோது உருவான அமைப்பு அது. கையில் எடுத்துப் போகலாம்.

"இதெல்லாம் எனக்குத் தெரியும் கண்ணு" என்றார் மாமியார்.

அவருக்குச் சொந்த ஊர் திருப்பூர்ப் பக்கம். ஒரு காலத்தில் கதருக்குப் பேர் பெற்ற வட்டாரம். அவர் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தார். அந்தப் பள்ளியில் ஆதாரக் கல்வி என்ற பெயரில் தக்ளியில் நூல் நூற்கச் சொல்லித் தந்தார்கள். கணக்கு மறந்துவிட்டது. தக்ளி மறக்கவில்லை.

தக்ளி என்பது சின்னக் கம்பி. அதன் கீழே ஒரு வட்டத் தகடு இருக்கும். கம்பியை விரலால் பம்பரம்போலச் சுழற்ற வேண்டும். மறு கையில் பஞ்சுத் திரி இருக்கும். கம்பி சுழலும்போது திரியை மெல்ல இழுத்தால் பஞ்சு முறுக்கேறி நூலாகும். பிறகு அதைக் கம்பியில் சுற்றிக்கொள்ள வேண்டும். இமயமலைப் பக்கத்தில் ஆடு மேய்ப்பவர்கள் நடந்துகொண்டே இப்படிக் கம்பளி நூற்பார்கள். ஆண்களும் நூற்பார்கள். இது பெண்கள் வேலை என்று அங்கே யாரும் ஒதுக்கி வைக்கவில்லை.

கேட்பவர்களுக்கு அந்த வங்காளப் பெண் கற்றுத் தருவாள். மருமகள் உட்கார்ந்தாள். வலது கையால் சக்கரத்தைச் சுற்றினாள். இடது கையால் திரியை இழுத்தாள். நூல் அறுந்தது. மறுபடி சுற்றினாள். மறுபடியும் அறுந்தது. பயந்துபோய் மெதுவாக இழுத்தாள். இப்போது நூல் சுருண்டு முடிச்சு விழுந்தது. வேகமாக இழுத்தால் முறுக்கு ஏறாது, நூல் அறுந்துவிடும். மெதுவாக இழுத்தால் முறுக்கு மிஞ்சிவிடும், நூல் சுருளும். இரண்டு கையும் ஒன்றை ஒன்று கவனிக்க வேண்டும். அரை மணி நேரத்தில் அவளால் ஒரு முழம் நல்ல நூல்கூட நூற்க முடியவில்லை. முதுகு வலித்ததுதான் மிச்சம்.

"அத்தை, இதற்கு என்ன கூலி கிடைக்கும்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

கதர் நூலுக்குச் சிட்டக் கணக்கில் கூலி. ஒரு சிட்டம் என்பது 1000 மீட்டர். அதாவது ஒரு கிலோமீட்டர். நடந்து போனால் கால் மணி நேரம் ஆகும் தூரம். 2025 ஏப்ரல் முதல் ஒரு சிட்டத்துக்கு 15 ரூபாய் கூலி. கதர் மற்றும் கிராமத் தொழில் ஆணையம் உயர்த்திய பிறகு இந்தக் கூலி. அதற்கு முன்பு 12 ரூபாய் 50 காசு. ஒருவர் நாளெல்லாம் உழைத்து 20 சிட்டம் நூற்றாலும் 300 ரூபாய்தான் வரும்.

சின்னப் பெட்டி ராட்டையில் அந்த 20 சிட்டம் நடக்கவே நடக்காது. அதில் ஒரே ஒரு கதிர்தான். காந்தியடிகளுக்கும் இந்தக் கவலை இருந்தது. நல்ல ராட்டை செய்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு என்று 1929-ல் அகில இந்திய சர்க்கா சங்கம் அறிவித்தது. அந்தக் காலத்து ஒரு லட்சம்! ஆனாலும் அந்தப் பரிசை யாரும் பெறவில்லை. பிறகு தமிழ்நாட்டுக்காரர் ஏகாம்பரநாதன் ஒரு ராட்டையை உருவாக்கினார். ஒரே நேரத்தில் பல கதிர் ஓடும். அவர் பெயரில் உள்ள 'அம்பர்' என்ற சொல்லே அதற்குப் பெயராகி, அம்பர் ராட்டை ஆனது. இன்று கதர் நூல் பெரும்பாலும் அந்த வகை ராட்டையில்தான் நூற்கப்படுகிறது. வடநாட்டில் அதைச் சுற்றும் எத்தனையோ பேருக்கு அது ஒரு தமிழர் பெயர் என்று தெரியாது.

மருமகள் துப்பட்டா பார்த்தாள். விலை 900 ரூபாய். கரோல் பாக் பழக்கத்தில் "நானூறு" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. மாமியார் கையைப் பிடித்துக்கொண்டார்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். துப்பட்டா 2 மீட்டர் நீளம், 28 அங்குல அகலம். அங்குலத்துக்கு 40 இழை என்று கொள்வோம். பாவுக்கு 1120 இழை. ஒவ்வொன்றும் 2 மீட்டர். மொத்தம் 2240 மீட்டர். ஊடைக்கும் ஏறக்குறைய அவ்வளவே. ஆக நாலரைச் சிட்டம் நூல். நூற்றவருக்குக் கூலி 67 ரூபாய் 50 காசு. மீதிப் பணத்தில் பஞ்சு விலை இருக்கிறது, நெய்தவர் கூலி, சாயம், வண்டிச் சத்தம், கடைக்காரர் லாபம் எல்லாம் இருக்கிறது.

நூற்றவர் கூலியை அவர் முன்பே வாங்கிவிட்டார். வாங்குபவர் பேரம் பேசுவதால் அது அன்றே குறையாது. ஆனால் துணி விற்காவிட்டால் அடுத்த மாதம் அவருக்குப் பஞ்சு வராது. பேரம் பேசுவது பாவமல்ல. கடைக்காரர் எல்லோரும் உத்தமர்களும் அல்ல. மில் நூல் துணியைக் கைநூல் என்று விற்பவர்களும் உண்டு. விலையைப் பார்க்கும் முன் சரக்கைப் பார்க்க வேண்டும்.

கதர் என்றால் நூலும் கையால் நூற்றது, நெசவும் கைத்தறி. கைத்தறி என்றால் நெசவு மட்டும் கை. நூல் மில் நூலாக இருக்கலாம். இரண்டும் ஒன்றல்ல. இரண்டுக்கும் தனித்தனி அரசு முத்திரை உண்டு. கைத்தறி முத்திரை 2006-ல் வந்தது. கதர் முத்திரைக்கான விதிகள் 2013-ல் வந்தன. சீட்டில் எது இருக்கிறது என்று படித்துப் பார்க்க வேண்டும்.

துணியை வெளிச்சத்தில் பிடித்தும் பார்க்கலாம். கைநூல் அங்கங்கே தடித்தும் மெலிந்தும் தெரியும். அது குறையல்ல. விளிம்பில் தொங்கும் ஓர் இழையைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி நெருப்பில் காட்டலாம். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். கம்பளி, முடி கருகும் நாற்றம் வீசும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டிக் குண்டுமணியாகும்.

மருமகள் சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தாள். கதர் முத்திரை இருந்தது. ஐம்பது ரூபாய் மட்டும் குறைத்துக் கேட்டாள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். மாமியாரும் ஒரு தக்ளியும் கொஞ்சம் பஞ்சுத் திரியும் வாங்கினார். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. பையில் இருந்து தக்ளியை எடுக்கப் போனார் மாமியார். "வீட்டில் போய்ப் பார்க்கலாம் அத்தை, கூட்டமாக இருக்கிறது" என்றாள் மருமகள்.

"நான் நூற்கவில்லை கண்ணு. நீ பிடி. விரலை எப்படி வைப்பது என்று காட்டுகிறேன்" என்றார் அவர்.