மூக்கறுப்புப் போர்: அவமானம் என்னும் ஆயுதம்



போர் என்றதும் யானை, குதிரை, வாள், வேல், வென்ற அரசன், தோற்ற அரசன் என்றுதான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். நம் திண்டுக்கல் சமவெளி பார்த்த ஒரு போரை, கோட்டைக்கு வெளியே நின்றவர்களின் பக்கத்திலிருந்து இன்று பார்ப்போம்.

1650களின் பிற்பகுதி. மதுரையில் திருமலை நாயக்கர் நோயில் கிடக்கிறார். மைசூர் மன்னர் கண்டீரவ நரசராஜனின் படை சத்தியமங்கலம் வழியாக இறங்குகிறது. படைவீரர் கையில் பிறை வடிவில் ஓர் இரும்புக் கருவி. மூக்கையும் மேலுதட்டையும் சேர்த்து அறுப்பதற்கென்றே செய்தது. ஆண், பெண், குழந்தை என்ற பேதம் கிடையாது. அறுத்துக் கொண்டுவந்தவனுக்குப் பரிசு உண்டு. ஏசுசபைப் பாதிரியார் புரோயென்சா 1659இல் எழுதிய கடிதம் இதைப் பதிவு செய்திருக்கிறது.

இராமநாதபுரத்திலிருந்து ரகுநாத சேதுபதி படையோடு வந்தார். மைசூர்ப் படை திண்டுக்கல்லுக்குப் பின்வாங்கியது. பிறகு மதுரைப் படை மைசூர் நாட்டுக்குள் புகுந்து, அங்கிருந்த மக்களின் மூக்கை அறுத்தது. சேதுபதிக்குப் பட்டமும் மரியாதையும் கிடைத்தன. மூக்கிழந்தவர்களில் ஒருவர் பெயர்கூட நம் பாடப்புத்தகத்தில் இல்லை.

ஏன் கொல்லாமல் விட்டார்கள்? செத்தவரைப் புதைத்துவிடலாம். மூக்கிழந்தவர் சந்தைக்கும் கிணற்றடிக்கும் வந்துகொண்டே இருப்பார். பார்க்கிற ஒவ்வொருவருக்கும் பயம் வரும். இதுதான் உத்தி. இதே உத்தியை உலகம் வேறு இடங்களிலும் பார்த்தது. 1590களில் கொரியாவுக்குள் புகுந்த ஜப்பானியப் படை, அறுத்த மூக்குகளை உப்பிலிட்டு அனுப்பியது. அவற்றைப் புதைத்த மேடு கியோட்டோவில் இன்றும் இருக்கிறது.

அந்தக் கத்தி சாதி பார்த்து அறுக்கவில்லை. ஆனால் மதிலுக்குள் யாருக்கு இடம், வெளியே யார் என்பதைச் சாதி முன்பே முடிவு செய்திருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் இராசராசன் கல்வெட்டுகளிலேயே பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஊரே வேறு, சேரியே வேறு என்று ஆன நாட்டில், படை வரும்போது மட்டும் ஒரே மதில் எல்லோரையும் காக்குமா?

மாணவ நண்பர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூக்கறுப்பு என்பது நம் மொழியில் அவமானத்துக்கே பெயராகிவிட்டது. நம்மீது இன்று நடக்கும் வன்முறையிலும் பாதி இதுதான். மீசையை மழிப்பது, செருப்பு மாலை போடுவது, ஆடை களைந்து ஊர்வலம் விடுவது, எல்லாமே ஒருவரை உயிரோடு வைத்துச் சேரி முழுவதையும் பயமுறுத்தும் வேலை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதன் 2015 திருத்தமும் இவற்றைக் குற்றம் என்று பெயர் சொல்லிப் பட்டியலிட்டிருக்கின்றன. அவமானமும் ஓர் ஆயுதம்தான் என்று சட்டத்தை ஒப்புக்கொள்ள வைத்தது நம் போராட்டம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் இப்படி ஒன்று நடந்தால், "அடிதடி", "கைகலப்பு" என்று எழுதிக் கடக்க விடாதீர்கள். பாதிக்கப்பட்டவர் சம்மதத்தோடு பெயர், நாள், இடம், செய்த செயல் நான்கையும் புகாரில் எழுத வையுங்கள். அன்று பெயரில்லாமல் போனவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, இன்று இன்னொருவர் பெயரில்லாமல் போகாமல் பார்த்துக்கொள்வதே.